இரண்டு விரல் அகலம்

நாலு மணி இருபது.
பீல் நகரத்துத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம்,
கேத்திலின் அடியில் வெள்ளைப் பொருக்கு.
உன் கன்னத்திலும் அதுதான் படிகிறது என்று
மருந்துக்கடைக்காரி சொன்ன நாளிலிருந்து
முகத்துக்கு மட்டும் கொதித்தாறிய நீர்.
'பிறந்த பிள்ளைக்கும் நான் இவ்வளவு பாக்கேல்லை'
படுக்கையிலிருந்து மனைவி.

சுடு துவாய், இரண்டு நிமிடம். பிறகு நுரை.
மயிர் சாய்கிற பக்கமே அலகும் சாய வேண்டும்.
கன்னத்தில் கீழ்நோக்கி.
கழுத்தின் இடப்புறத்தில் மட்டும் அது ஏனோ
காதை நோக்கிப் படுக்கிறது;
எதிர்த்து இழுத்தால் தோலுக்குள்ளேயே சுருண்டு
மூன்றாம் நாள் சிவந்த பருவாய் எழும்பும்.
ஐந்து அலகுக் கத்தியைக் குப்பையில் போட்டுவிட்டேன்.
ஒற்றை அலகு போதும்.
அமத்தக் கூடாது, தன் பாரத்தில் தானே போகட்டும்.
குளிர்ந்த நீர். துடைக்காமல் ஒத்தி எடு.
வாசமில்லாத களிம்பு, ஒரு பயறளவு.

அழகுக்கு இல்லை.
பழைய கட்டடங்களில் அஸ்பெஸ்டஸ் உரிப்பது எங்கள் வேலை.
முகமூடியின் ரப்பர் விளிம்பு தோலோடு ஒட்ட வேண்டும்.
ஒரு நாள் தாடி போதும் என்பான் ரேத்தோ,
நூலிலும் மெல்லிய நார் ஒன்று உள்ளே வர.
வந்தால் முப்பது வருடம் பொறுமையாக இருக்கும்.
காலையில் டோர்ச் அடித்து எங்கள் தாடைகளைப் பார்ப்பான்,
மாட்டுத் தரகன் மாதிரி.

மாசியில் ஸ்கார்பரோவில் அண்ணன் செத்தான்.
ஒன்பது வருடம் பேச்சில்லை.
ஒரு காணி, ஒரு எல்லைக்கல்,
அதற்கு மேல் என்ன சொல்ல.
செத்தவீட்டைப் போனில் பார்த்தேன்.
அவன் முகத்தை யாரோ கவனமாகத்தான் வழித்திருந்தார்கள்,
இடக்கழுத்தில் மட்டும் எதிர்த்து இழுத்துவிட்டார்கள்.
எங்கள் இருவருக்கும் அங்கே ஒரே சுழி.
அங்கே நின்ற ஒருவருக்கும் அது தெரியாது.

இரவு மச்சாள் எடுத்தாள்.
'முப்பத்தொண்டு மட்டும் முகம் வழிக்காதேங்கோ.'
ஓம் என்றேன்.

ஓம் என்றுவிட்டுக் கண்ணாடி முன் நின்றேன்.
சகோதரன் சாவுக்குக் கம்பனியில் ஒரு நாள் லீவு.
வழித்தால் குற்றம். வழிக்காவிட்டால் நுரையீரல்.
முகமூடியை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தேன்:
மூக்கில் ஏறி, கன்னத்தில் இறங்கி,
நாடிக்கு அடியில் முடிகிறது ரப்பர்.
அதற்கு உள்ளே,
கீழுதட்டுக்கும் நாடிக்கும் நடுவில்
எந்த விளிம்பும் தொடாத
இரண்டு விரல் அகலம்.
யார் பெயரிலும் எழுதாத காணி.

அங்கே விட்டேன்.

'என்ன, பாட்டுக் குழுவிலை சேரப் போறியோ?'
அக்ரோன் கேட்டான். ஓம் என்றேன் அவனுக்கும்.

ஒன்பதாம் நாள் பொருத்தச் சோதனை.
தலைக்கு மேல் பிளாஸ்டிக் கூடாரம்,
உள்ளே கசப்பு மருந்து விசிறுவார்கள்,
நாக்குக்குத் தெரிந்தால் தோல்வி.
திருமதி ஏஷ்பாகர் அந்த மயிர்த் துண்டில்
டோர்ச்சை நிறுத்தி, அளந்து, எழுதிக்கொண்டாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
தலை இடம், வலம். குனி. நிமிர். சத்தமாக எண்ணு.
ஜெர்மனில் எண்ணத் தொடங்கினேன்,
எந்த இலக்கத்தில் தமிழுக்கு மாறினேனோ.
'கசக்கிறதா?'
'இல்லை.'
உண்மைதான். அன்றைக்கு
தேத்தண்ணியும் இனிக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் விடிய,
அதே கேத்தில், அதே நீர்.
அந்தத் துண்டில் நாலு நரை இருந்தது.
அழுக்கு நுரையோடு பேசினுக்குள் போனது.
அடியில் தோல் வெளிறி, பொருக்குப் பொருக்காய்;
களிம்பை இரண்டு தரம் பூசினேன்.
நாடி முடிந்து, கழுத்துக்கு வந்தேன்.
இடப்புறம், அமத்தாமல்,
காதை நோக்கி.